போர்ச்சுக்குச் சுவர் எழுப்பினால் வீட்டு வரி என்ன ஆகும்?

சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா என்றால் இன்னும் பலருக்கு உடனே விளங்குவதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் விளங்குகிறது. அந்த ஊரில் வரிசை வீடுகள் உள்ள எந்தத் தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) நுழைந்தாலும், ஒரே அச்சில் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளுள் இன்று ஒரே முகப்போடு நிற்கும் இரண்டைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு வீட்டில் முன்புறம் கார் நிறுத்தும் போர்ச் கட்டிக் கொடுத்தபடியே திறந்து கிடக்கிறது. அடுத்த வீட்டில் வெளிக் கேட் வரைக்கும் அவ்னிங் என்னும் நீட்டுக் கூரை இழுக்கப்பட்டு, அதன் கீழ் காரும் மோட்டார் சைக்கிளும் துணிக் கொடியும் இடம் பிடித்திருக்கின்றன. அதற்கும் அடுத்த வீட்டில் போர்ச் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. செங்கல் சுவர் எழும்பி, ஜன்னல் வைத்து, உள்ளே ஒரு கட்டில் போடப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அல்லது மகனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அல்லது தோட்டத்தில் தனியாக இருந்த பாட்டியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். காரணம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு, கேள்வி மட்டும் ஒன்றே: “வரி ஏறுமா?”

ஏறும். ஆனால் எது ஏற்றுகிறது என்பதில் நம்மவர்களிடையே ஒரு தவறான எண்ணம் வேரோடியிருக்கிறது. கூரையை எவ்வளவு தூரம் நீட்டுகிறோமோ அவ்வளவுக்கு வரி கூடும் என்றும், ஏற்கெனவே கூரை உள்ள போர்ச்சை அடைப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அதை விளக்குவதற்கு முன், நம் கைக்கு வரும் இரண்டு வரிச் சீட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது நில வரி. சுக்காய் தானா என்று நாம் சொல்வது இதைத்தான். இது மாநில அரசுக்கு உரியது; நில அலுவலகத்தில் செலுத்துவது. நிலத்தின் பரப்பையும் அதன் பயன்பாட்டு வகையையும் வைத்து விதிக்கப்படுவதால், நிலத்தின் மேல் ஓர் அறை கூடினாலும் குறைந்தாலும் இந்தத் தொகை அசைவதில்லை. இரண்டாவது மதிப்பீட்டு வரி. பேச்சு வழக்கில் சுக்காய் பிந்து. இது நகராண்மைக் கழகத்துக்கோ மாவட்ட மன்றத்துக்கோ செல்வது. குப்பை அள்ளுவது, கால்வாய் துப்புரவு, தெருவிளக்கு, திடல் போன்ற ஊர்ச் செலவுகளுக்கு இதுவே ஆதாரம். போர்ச்சைத் தொட்டால் மாறுவது இந்த இரண்டாவது சீட்டு மட்டுமே.

தோட்டத்திலிருந்து வெளியே வந்த குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது சீட்டு ஒரு தலைமுறைப் பழக்கம் மட்டுமே உள்ளது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த வட்டாரம் மலேசியத் தோட்ட வரலாற்றில் சிறிய இடமன்று. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொகோனியே தொடங்கியது இங்குள்ள தெனமாராம் தோட்டத்தில்தான். அப்படிப்பட்ட தோட்டங்களின் லயத்து வீடுகளில் முன்பக்கம் அஞ்சடி என்றொரு இடம் இருக்கும். அங்கே சாக்குப் படுதா தொங்கவிடுவதும், பலகை அடித்து மறைப்பதும், ஜிங்க் தகடு ஒன்றைச் சாய்த்து இறக்கி அடுப்பு வைப்பதும் அன்றாட வேலை. நிலமும் தோட்டத்தினுடையது, வீடும் தோட்டத்தினுடையது. வரி என்று ஒன்று இருந்தால் அது நிர்வாகத்தின் கணக்கு. கிராணியோ (எழுத்தர்) மண்டோரோ (மேற்பார்வையாளர்) கண்டுகொள்ளாவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் நம் பெற்றோர் தாமானுக்குக் குடிவந்தார்கள். தன் வீடு, தன் காசு, தன் வாசல். இதில் யாரைக் கேட்க வேண்டும் என்ற நியாயமான மனநிலை அவர்களுடையது. ஆனால் சொந்த வீடு என்று ஆன நாளிலிருந்தே அந்த வாசல் மன்றத்தின் ஏட்டில் அளவோடு பதிவாகியிருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை.

அந்த ஏட்டுக்கு அடிப்படை 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. சிதறிக் கிடந்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகளின் நிலையை ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். அந்தக் குழு ஊராட்சித் தேர்தல்கள் தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. ஆகவே நம் மன்ற உறுப்பினர்கள் இன்றும் நியமனம் பெறுகிறவர்களே. வாக்குக் கேட்டு வாசலுக்கு வராத ஒரு மன்றத்திடம் நம் பங்கைச் சரியாகப் பெற வேண்டுமானால், சட்டம் எழுத்தில் கொடுத்திருக்கும் உரிமைகளை நாமே தெரிந்து வைத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது என் கருத்து.

தீபகற்ப மலேசியாவின் பெரும்பாலான மாநிலங்களில், சிலாங்கூர் உட்பட, மதிப்பீட்டு வரி ஆண்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒரு வீட்டை ஓர் ஆண்டுக்கு வாடகைக்கு விட்டால் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடே ஆண்டு மதிப்பு. பழுதுபார்ப்பு, காப்புறுதி, வரி ஆகியவற்றை வீட்டுக்காரரே ஏற்பதாகக் கருதி இந்த வாடகை கணிக்கப்படுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோமா, நாமே குடியிருக்கிறோமா என்பது இதில் பொருட்டன்று. அந்த மதிப்பின்மேல் மன்றம் ஒரு விழுக்காட்டை விதிக்கிறது. சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 35 விழுக்காடு என்றாலும், குடியிருப்பு வீடுகளுக்கு நடைமுறையில் விதிக்கப்படுவது அதைவிட மிகக் குறைவு. ஜொகூரில் முறை வேறு: அங்கே வாடகைக்குப் பதிலாக நிலமும் கட்டடமும் சேர்ந்த விலைமதிப்பு கணக்கில் கொள்ளப்படுகிறது, உச்சவரம்பு 5 விழுக்காடு. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. நம் சீட்டில் ‘நிலாய் தஹுனான்’ என்று அச்சிட்டிருப்பதுதான் ஆண்டு மதிப்பு. அதற்குப் பக்கத்தில் விழுக்காடு இருக்கும். இரண்டையும் பெருக்கி வரும் தொகையைப் பாதியாக்கி, பிப்ரவரி இறுதிக்குள் ஒரு முறையும் ஆகஸ்ட் இறுதிக்குள் ஒரு முறையும் கட்டுகிறோம்.

போர்ச்சை அடைப்பதால் அந்த விழுக்காடு மாறுவதில்லை. மாறுவது ஆண்டு மதிப்பு. அது எப்படி மாறுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம்.

மதிப்பீட்டாளர் ஒரு வீட்டை அளக்கும்போது முழுப் பரப்பையும் ஒன்றாகக் கூட்டுவதில்லை. கூடம், அறைகள், சமையற்கட்டு, குளியலறை ஆகிய அடைபட்ட பகுதிகளை முதன்மைத் தரைப்பரப்பு என்று ஒரு பக்கம் எழுதுகிறார். கார் போர்ச், திறந்த தாழ்வாரம், மாடி முகப்பு போன்றவற்றைத் துணைத் தரைப்பரப்பு என்று மறுபக்கம் எழுதுகிறார். முதன்மைப் பரப்பின் ஒரு சதுர அடிக்குக் கணிக்கப்படும் வாடகையைவிடத் துணைப் பரப்பின் ஒரு சதுர அடிக்குக் கணிக்கப்படுவது கணிசமாகக் குறைவு. மழைச் சாரல் அடிக்கும் இடத்துக்கும் கட்டில் போட்டுப் படுக்கும் இடத்துக்கும் வாடகை ஒன்றாக இருக்க முடியாது என்ற எளிய நியாயமே இதற்குக் காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த மன்றத்தின் விகிதமும் அன்று. ஒரு வீட்டின் முதன்மைப் பரப்பு 750 சதுர அடி, போர்ச் 180 சதுர அடி என்று கொள்வோம். மாத வாடகை முதன்மைப் பரப்புக்குச் சதுர அடிக்கு 40 சென், போர்ச்சுக்கு 10 சென். அப்படியானால் மாத மதிப்பு 300 ரிங்கிட்டும் 18 ரிங்கிட்டும் சேர்ந்து 318 ரிங்கிட். ஆண்டு மதிப்பு 3,816 ரிங்கிட். விழுக்காடு 6 என்றால் ஆண்டு வரி 228 ரிங்கிட் 96 சென்.

இப்போது வீட்டுக்காரர் போர்ச்சை அப்படியே விட்டு, கேட் வரைக்கும் இன்னும் 120 சதுர அடிக்குக் கூரையை நீட்டுகிறார். கூடுதல் பரப்பும் திறந்ததே என்பதால் மாதத்துக்கு 12 ரிங்கிட், ஆண்டுக்கு 144 ரிங்கிட் மதிப்பு ஏறுகிறது. வரியில் கூடுவது 8 ரிங்கிட் 64 சென். பக்கத்து வீட்டுக்காரரோ ஒரு சதுர அடிகூட வெளியே நீட்டவில்லை. இருந்த 180 சதுர அடியைச் சுவர் வைத்து அறையாக்கிவிட்டார். அந்த 180 சதுர அடி 10 சென் வரிசையிலிருந்து 40 சென் வரிசைக்குத் தாவுகிறது. மாத மதிப்பு 372 ரிங்கிட், ஆண்டு மதிப்பு 4,464 ரிங்கிட், வரி 267 ரிங்கிட் 84 சென். அதாவது கூடுவது 38 ரிங்கிட் 88 சென். புதிதாக இடம் பிடித்தவரைவிட, இருந்த இடத்தை அடைத்தவருக்கு நான்கு மடங்குக்கும் மேல். இரண்டையும் செய்து, முழு 300 சதுர அடியையும் அறையாக்கினால் கூடுதல் வரி 73 ரிங்கிட் 44 சென் ஆகிறது. வரியை ஏற்றுவது கூரையன்று, சுவரே.

என் அத்தை வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். ஒரு காலை வேளையில் வந்த மதிப்பீட்டுத் துறை ஊழியர், கையில் வீட்டின் பழைய கோட்டுப்படத்தை வைத்துக்கொண்டு, முன்பக்கம் எழும்பியிருந்த சுவரின் வெளிப்புறத்தில் நாடாவைப் பிடித்து அளந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டவர் அத்தையேதான். உள்ளே எட்டிப் பார்த்த ஊழியர், “இனி பிலிக் திடோர் கா?” என்று கேட்டார். படுக்கையறையா என்ற அந்தக் கேள்விக்கு அத்தை, ஆமாம், மாமியாருக்கு முட்டி வலி, பின்னறை வரைக்கும் நடக்க முடியவில்லை என்று மலாயில் விரிவாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊழியர் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டே, படத்தில் போர்ச் என்று புள்ளிக்கோடாக இருந்த பெட்டியை முழுக்கோடாக்கி, உள்ளே ‘பிலிக்’ என்று எழுதினார். புள்ளிக்கோடு முழுக்கோடான அந்த இடத்தில்தான் வரி மாறியது. அத்தை அதைப் பார்க்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார்.

எல்லா அடைப்பும் இப்படி அறையாகிவிடாது. பாதுகாப்புக்காக இரும்புக் கிரில் மட்டும் போட்ட போர்ச், காற்றும் வெளிச்சமும் தடையின்றி வருவதால், பொதுவாகப் போர்ச்சாகவே கொள்ளப்படும். இடுப்பளவுச் சுவரும் அதற்கு மேல் கிரில்லும் வைத்தால் கேள்வி எழத் தொடங்கும். கண்ணாடிக் கதவு, தரையில் பளிங்குக்கல், விசிறி, தொலைக்காட்சி என்று கூடத்தின் நீட்சியாகவே ஆகிவிட்டால், அதை இன்னும் போர்ச் என்று வாதிடுவது எளிதன்று. ஆகவே திருட்டுப் பயத்துக்காக மட்டும் அடைக்க நினைப்பவருக்குக் கிரில் போதுமானால், சுவரைத் தவிர்ப்பதே வரிக்கு நல்லது. அறை உண்மையில் தேவைப்படுகிறவருக்கு ஆண்டுக்கு நாற்பது, எழுபது ரிங்கிட்டைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. வெளியே ஓர் அறைக்கு ஒரு மாதம் கொடுக்கும் வாடகையைவிட அது குறைவு.

கணக்கு வேறு திசையில் போவது, அடைத்த போர்ச்சில் தொழில் தொடங்கும்போதுதான். தையல் கடை, மளிகைச் சாமான், பூமாலை, பலகாரம் என்று நம் பெண்கள் வீட்டு முன்புறத்திலேயே நடத்தும் தொழில்கள் பல குடும்பங்களைத் தாங்குகின்றன. அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் வணிக இடங்களுக்கு மன்றங்கள் வைத்திருக்கும் விழுக்காடு குடியிருப்புக்கு உள்ளதைவிடப் பொதுவாக அதிகம். அத்தோடு, நிலப் பட்டாவில் குடியிருப்பு என்று நிபந்தனை எழுதியிருந்தால், கடையாக மாற்றுவது தேசிய நிலச் சட்டத்தின்படி நிபந்தனை மீறலாகும். அது மன்றத்தோடு முடியாமல் நில அலுவலகம் வரைக்கும் செல்லக்கூடிய விஷயம். உரிமம் பற்றி முன்கூட்டியே மன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வீடு மாறியது தெரிந்ததும் மன்றம் தானாகத் தொகையை ஏற்றிவிட முடியாது. சட்டம் 171-இன் 144-ஆம் பிரிவு, வீடுகளின் ஆண்டு மதிப்பு பதிவாகியிருக்கும், நடப்பில் உள்ள மதிப்பீட்டுப் பட்டியலைத் திருத்த மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கூடவே, திருத்தப்படும் நாளைக் குறிப்பிட்டு, குறைந்தது 30 நாள் அவகாசத்தோடு வீட்டுக்காரருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. மனக்குறை உள்ளவர், அறிக்கையில் குறிப்பிட்ட நாளுக்குக் குறைந்தது 10 நாள் முன்பாக எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். அதாவது கையில் உண்மையில் இருப்பது ஏறக்குறைய மூன்று வாரம். மலாய் மொழியில், அரசு முத்திரையோடு வரும் அந்தக் கடிதம் பல வீடுகளில் சாமி மாடத்துக்குப் பக்கத்திலோ தொலைக்காட்சிப் பெட்டியின் மேலோ, பிள்ளை ஊருக்கு வரும்போது படித்துச் சொல்வான் என்று காத்திருக்கிறது. பிள்ளை வருவது தீபாவளிக்கு. இந்த ஒரு தாமதத்தால் நம் குடும்பங்கள் இழக்கும் உரிமையை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடிதம் வந்த அன்றே கைப்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைக்கு அனுப்பினால் போதும்.

ஆட்சேபத்தில் எதை எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். வருமானம் போதவில்லை, கணவர் இல்லை, நோய்ச் செலவு அதிகம் என்பவை உண்மையான துன்பங்களானாலும் மதிப்பீட்டை எதிர்க்கும் காரணங்களாகச் சட்டம் அவற்றை ஏற்பதில்லை. வீட்டின் மதிப்பு அளவுக்கு மேல் கணிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும் காரணம். அதை நிறுவ இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பரப்பளவு தவறு: திறந்த போர்ச் அறையாக எழுதப்பட்டிருக்கலாம், அல்லது 10 அடி 12 அடியாகியிருக்கலாம். மற்றொன்று, ஒப்பீடு: அதே தாமானில், அதே அளவில், அதே போன்று அடைத்த வீட்டுக்கு என்ன ஆண்டு மதிப்பு என்று காட்டுவது. ஒரு பட்டியலில் உள்ள வீடுகள் ஒரே காலத்து வாடகை நிலவரத்தை அளவுகோலாகக் கொண்டவை. நாம் நேற்றுக் கட்டினோம் என்பதற்காக நம் அறைக்கு மட்டும் இன்றைய வாடகையை வைத்துக் கணித்தால், அது பக்கத்து வீட்டோடு பொருந்தாது. அண்டை வீட்டாரின் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கச் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. மன்றத்தின் முடிவிலும் நிறைவில்லை என்றால் 145-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்றாலும், நாற்பது ரிங்கிட்டுக்காக யாரும் அங்கே போவதில்லை. ஆகவே ஆட்சேபக் கடிதமே நடைமுறையில் நம் நீதிமன்றம்.

சுவர் எழுப்பி ஆண்டுக் கணக்கில் ஆகியும் வரி மாறவே இல்லை என்று சொல்பவர்களும் உண்டு. மன்றம் பார்க்கவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, அல்லது மாநில அரசு நீட்டித்துத் தரும் காலத்துக்குள், புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். நடைமுறையில் அது பல ஆண்டுகள் தள்ளிப் போகிறது. கோலாலம்பூரில் 1992-ஆம் ஆண்டுப் பட்டியலே இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2014-இல் புதிய மதிப்புகள் நடப்புக்கு வந்தபோது எழுந்த எதிர்ப்பால் குடியிருப்புகளுக்கான விழுக்காட்டை 6-லிருந்து 4-ஆகக் குறைக்க வேண்டியதாயிற்று. அப்படியொரு மறுமதிப்பீடு வரும்போது, வாடகை நிலவர உயர்வும் பதிவாகாமல் கிடந்த பழைய அறையும் சேர்ந்து ஒரே சீட்டில் வந்து இறங்கும். அப்போது பட்டியலை மறுபரிசீலனை செய்ய மன்றம் குறிக்கும் நாள், அறிவிப்பு நாளிலிருந்து குறைந்தது 42 நாள் தள்ளி இருக்க வேண்டும்; ஆட்சேபத்தை அந்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

வரியைவிட முக்கியமான ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “வரி ஏற்றிவிட்டார்கள், ஆகவே மன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது” என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. மதிப்பீட்டுத் துறை பார்ப்பது என்ன இருக்கிறது என்பதை. கட்டடத் துறை பார்ப்பது அனுமதி இருக்கிறதா என்பதை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு, புது வீட்டுக்கு மட்டுமன்றி இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டுவதற்கும் மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும் என்கிறது. அனுமதியில்லாத அறைக்குப் பத்து ஆண்டு வரி கட்டியிருந்தாலும், அதை இடிக்கச் சொல்லி அறிக்கை வரலாம். கட்டிய வரி அதற்குக் கேடயமாகாது. சுவரை மறைப்பதால் ஆண்டுக்கு மிச்சமாவது சில பத்து ரிங்கிட். இடிபட்டால் போவது பல ஆயிரம். அவ்னிங் போன்ற சிறு வேலைகளுக்குப் பல மன்றங்கள் எளிய பெர்மிட் முறையை வைத்திருக்கின்றன. சுவரும் அடித்தளமும் சேர்ந்த வேலைக்குப் பெலான் (கட்டட வரைபடம்) சமர்ப்பிக்க வேண்டும். “பெர்மிட் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்” என்று கட்டுமானக் குத்தகையாளர் சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பெர்மிட்டைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

இந்த அனுமதிக்கும் இன்னொரு வரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. வீட்டை விற்கும்போது வரும் சொத்து ஆதாய வரி, குடிமக்களான தனிநபர்களுக்கு வாங்கிய முதல் மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. ஆறாம் ஆண்டு முதல், 2022 தொடங்கி, அறவே இல்லை. வாழ்நாளில் ஒரு முறை ஒரு குடியிருப்பு வீட்டுக்கு விலக்குக் கோரவும் வழி உண்டு. அந்த விலக்கை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டு, ஐந்து ஆண்டுக்குள் விற்க நேர்ந்தவருக்குப் போர்ச்சில் போட்ட பணம் உதவிக்கு வரும்: சொத்தின் மதிப்பை உயர்த்தச் செய்த செலவை ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்தச் செலவின் பயன் விற்கும் நாளில் வீட்டில் நிலைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மன்றத்தின் உத்தரவால் இடிக்கப்பட்ட அறைக்குச் செய்த செலவைக் கழிக்க முடியாது. நிற்கும் அறையானாலும் ரசீது வேண்டும். வாரத்துக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கமாகக் கொடுத்து, சிகரெட் அட்டையின் பின்புறம் குறித்து வைத்த கணக்கை வருமான வரி வாரியத்தின் முன் வைக்க முடியாது.